ஜவ்வரிசி வத்தல் மாதிரி ஒரு கவர்... கம்பம் திராட்சையை அழுகாமக் காப்பாத்துமா?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. பெருமையான விஷயம்தான். ஆனா, குறியீடு கிடைச்சதால பழம் அழுகாம இருக்குமா என்ன? பன்னீர் திராட்சையில சாறு அதிகம். சுருளிப்பட்டியிலயோ கூடலூர்லயோ பறிச்ச குலை, வெளியூர் சந்தைக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு பழம் உடைஞ்சாப் போதும். கசிஞ்ச சாறுல பூஞ்சை பிடிச்சு, பக்கத்துப் பழத்துக்குத் தாவிடும். பெட்டியைத் திறக்கும்போது நஷ்டம் விவசாயிக்கு.

இதைத் தடுக்க நாம இதுவரை நம்பினது பிளாஸ்டிக்கை. அதுலயும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கு. அப்போ மாற்று என்ன? உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் கைகாட்டுற ஒரு பதில், ஸ்டார்ச். அதாவது, நம்ம வீட்டு மாவுச்சத்து!

வத்தல் போட்ட அனுபவம் இருக்கா?

ஜவ்வரிசியைக் கஞ்சியாக் காய்ச்சி, துணியில ஊத்தி, வெயில்ல காயவெச்சா கண்ணாடி மாதிரி ஒரு வில்லை உரிஞ்சு வரும் இல்லையா? ஸ்டார்ச் ஃபிலிம் தயாரிப்போட அடிப்படையும் அதுதான். மாவுச்சத்தைத் தண்ணியில கலந்து சூடாக்கும்போது, சுமார் 60 முதல் 80 டிகிரிக்குள்ள அதோட துகள்கள் தண்ணியை உறிஞ்சி, வீங்கி, உடைஞ்சு கூழாகும். அதை மெல்லிசாப் பரப்பிக் காயவெச்சா, ஸ்டார்ச்சுல இருக்கும் அமைலோஸ், அமைலோபெக்டின்ங்கிற நீளமான சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு படலமாயிடும்.

வெறும் ஸ்டார்ச் படலம் வத்தல் மாதிரியே 'படக்'குன்னு ஒடியும். அதுக்காகத்தான் கிளிசரின் சேர்க்கிறாங்க. அது சங்கிலிகளுக்கு நடுவுல புகுந்து, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிப் போக இடம் கொடுக்கும். படலமும் மடங்கும், வளையும்.

மூலப்பொருள் எங்கே கிடைக்கும்?

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்குல இருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் காலங்காலமாத் தயாராகுது. தேனி மாவட்டத்துக்கு வந்தா, வாழை இருக்கு. வாழைக்காய் மாவுல முக்கால்வாசி ஸ்டார்ச்தான். பழுக்கும்போதுதான் அது சர்க்கரையா மாறுது. அளவு சின்னதா இருக்கு, தோல்ல கீறல் இருக்குன்னு கழிச்சுக் கட்டுற காய்கள்லயும் அதே ஸ்டார்ச்தான் இருக்கு. வாழைக்காய், அதோட தோல் ரெண்டையும் வெச்சு ஃபிலிம் தயாரிக்கும் ஆய்வுகள் பல நாடுகள்ல நடந்திருக்கு.

கிருமியை எப்படித் தடுக்கும்?

சாதாரண கவர், உணவைச் சுத்தி ஒரு சுவர் மட்டும்தான். கிருமி எதிர்ப்பு ஃபிலிம், காவல்காரனோட இருக்கும் சுவர்! கூழ் பதத்துலயே கிருமியைக் கட்டுப்படுத்தும் பொருளைக் கலந்துடுவாங்க. படலத்துல இருந்து அது கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். உணவுல நேரடியாப் பிரிசர்வேட்டிவ் கலக்கிறதுக்கும் இதுக்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான்: கிருமி முதல்ல வளர்ற இடமான மேற்பரப்புலயே மருந்து நிக்கும்.

யார் யார் இந்தக் காவல்காரங்க?

• கைட்டோசான்: இறால், நண்டு ஓடுகள்ல இருந்து எடுப்பது. இதோட நேர் மின்னேற்றம், கிருமிகளோட மேலுறையைக் குலைக்கும். பூஞ்சையையும் கட்டுப்படுத்தும். இறால், நண்டு அலர்ஜி இருக்கிறவங்களுக்கு லேபிள் எச்சரிக்கை அவசியம்.

• நைசின்: பாலைப் புளிக்க வைக்கும் ஒருவகை பாக்டீரியா உருவாக்கும் புரதம். லிஸ்டீரியா மாதிரியான பாக்டீரியாக்களுக்கு எதிரி. சீஸ், இறைச்சிக்குப் பொருத்தம். ஆனா, பூஞ்சைகிட்ட இது எடுபடாது.

• நறுமண எண்ணெய்கள்: கிராம்பில் இருக்கும் யூஜெனால், பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு. ஆவியாப் பரவும் குணம் இருக்கிறதால, ஃபிலிம் தொடாத பழத்தைக்கூட எட்டும். போடிநாயக்கனூர் ஏலச் சந்தைக்கு வரும் ஏலக்காயோட எண்ணெய்க்கும் கிருமி எதிர்ப்புக் குணம் உண்டு.

திராட்சைக்கு முக்கிய எதிரி, சாம்பல் பூஞ்சை. குளிர்பதனத்துல வெச்சாலும் மெதுவா வளரக்கூடியது. ஏற்றுமதித் திராட்சைப் பெட்டிகள்ல கந்தக டை ஆக்சைடு வெளியிடும் தாள்களை வைக்கிறது இதனாலதான். அந்த வாயு அளவு மீறினா பழம் வெளுத்துப்போகும். அதனாலயே நறுமண எண்ணெய் ஃபிலிம் மேல எதிர்பார்ப்பு அதிகம். ஆனா, பன்னீர் திராட்சைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதோட வாசனைதான். திராட்சையில கிராம்பு வாடை அடிச்சா யார் வாங்குவாங்க? பூஞ்சைக்குப் போதுமான, மூக்குக்குத் தெரியாத அளவைக் கண்டுபிடிக்கிறதுதான் சவால்.

அப்போ ஏன் இன்னும் கடைக்கு வரலை?

மழைக்காலத்துல வத்தல் நமுத்துப் போகும் இல்லையா... அதே பிரச்னைதான். ஸ்டார்ச் ஃபிலிம் காய்ஞ்ச நிலையில ஆக்சிஜனை நல்லாத் தடுக்கும். ஈரம் பட்டா பலம் குறைஞ்சிடும். திராட்சையோ தானே ஈரத்தை வெளியிடும் பழம். நாள்பட்டா ஃபிலிம் விறைச்சுப் போறதும் உண்டு. சிட்ரிக் அமிலம், நுண்ணிய களிமண் துகள்கள்னு சேர்த்து இதைச் சரிபண்ணப் பார்க்கிறாங்க. விலையும் பாலித்தீனைவிட அதிகம். இன்னொண்ணு, எந்தக் காவல்காரனும் குளிர்பதன வசதிக்கு மாற்று கிடையாது. கூடவே நிக்கும் துணை, அவ்வளவுதான்.

'மக்கும் பை' வாங்கும்போது ஏமாறாதீங்க!

இப்போ கடைகள்ல கிடைக்கும் 'கம்போஸ்டபிள்' பைகள் பலதும் சுத்தமான ஸ்டார்ச் இல்லை. ஸ்டார்ச்சோட, மக்கக்கூடிய வேறொரு பாலிமரும் கலந்தது. அது தப்பில்லை. ஆனா, இதையெல்லாம் கவனிங்க:

• பையில் தயாரிப்பாளர் பேர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட சான்றிதழ் எண், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ 17088 தரக்குறியீடு இருக்கான்னு பாருங்க.

• ஒரு சொட்டு அயோடின் விட்டு, நீலக் கறுப்பா மாறினா 'மக்கும் பை'ன்னு சிலர் சொல்வாங்க. அந்த நிறம், உள்ளே ஸ்டார்ச் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். மீதி பாலித்தீனாக்கூட இருக்கலாம்.

• பை தூள் தூளா உடையுதுன்னா மக்கிடுச்சுன்னு அர்த்தமில்லை. ரசாயனம் சேர்த்து உடைய வைக்கும் 'ஆக்ஸோ' வகைப் பிளாஸ்டிக், நுண்பிளாஸ்டிக்காத்தான் மண்ணுல தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2021-லயே தடை செஞ்சிடுச்சு.

• கம்போஸ்டபிள் பைகளைச் சோதிக்கிறது சுமார் 58 டிகிரி சூட்டுல. நம்ம வீட்டுக் குப்பைக்குழியில அந்தச் சூடு வராது, மக்க நாளாகும். அதனால, தெருவுல போட்டாலும் கரைஞ்சிடும்னு நினைக்க வேணாம்.

• மக்கும் பையைப் பழைய பிளாஸ்டிக்கோட சேர்த்துப் போடாதீங்க. மறுசுழற்சிக்குப் போகும் மொத்தமும் கெட்டுப்போகும். மக்கும் குப்பைக் கூடையில தனியாப் போடுங்க.

கிருமி எதிர்ப்பு ஸ்டார்ச் ஃபிலிம் கம்பம் சந்தைக்கு வரும்வரை, வீட்டுல நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வாங்கின குலையில உடைஞ்ச பழத்தை உடனே கிள்ளி எடுத்துட்டு, கழுவாம, காற்றோட்டமான டப்பாவுல ஃப்ரிட்ஜில் வைங்க. சாப்பிடும் நேரத்துல மட்டும் கழுவுங்க. ஈரத்தையும் சாறையும் தேடி வரும் பூஞ்சைக்கு, அந்த வீட்டுல வேலை இருக்காது!