நழுவிய கோபுரம்

காளையார்கோவிலில் இரண்டு ராஜகோபுரங்கள் அருகருகே நிற்கும். அவற்றில் உயரமானது மருது பாண்டியர் கட்டியது. அதைக் கைபேசியில் படம் எடுத்து, அந்தப் படக்கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் என்ன ஆகும் தெரியுமா?

கலசமும் மேல்நிலைகளும் அப்படியே இருக்கும். நடுவில் ஓரிடத்தில் வெட்டுப்பட்டதுபோல் கோடு விழும். அதற்குக் கீழே உள்ள நிலைகளெல்லாம் பக்கவாட்டில் நழுவியிருக்கும். சுதைச் சிற்பங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிப்போயிருக்கும். இப்படி வேண்டுமென்றே கோப்பைக் கெடுத்துப் படம் உண்டாக்குவதற்குக் 'கிளிட்ச் ஆர்ட்' என்று பெயர்.

ஒரு எண் மாறியதற்கு இவ்வளவு ரகளையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மெகாபிக்சல் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்றால், மொத்தம் 36 எம்பி வரவேண்டும். ஆனால் கைபேசியில் பார்த்தால் நாலைந்து எம்பிதான் இருக்கும். இந்த மிச்சம் பிடிப்பது 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறையின் வேலை. சரியான கஞ்சன் அது! படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும். கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். ஒரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தையும் நிறத்தையும்கூட முழுசாக எழுதாது. முந்தின கட்டத்தைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று மட்டும் குறித்துவைக்கும்.

இந்தக் கோபுரத்துக்குச் செங்கல் வந்த கதை ஒன்று உண்டு. மானாமதுரையிலிருந்து வழிநெடுக ஆட்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றியே கொண்டுவந்து சேர்த்தார்களாம். ஜேபெக் கட்டங்களும் அப்படித்தான், முந்தினவர் கையிலிருந்து வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கின்றன. நடுவில் ஒருவர் தப்பாகக் கொடுத்தால், அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லார் கைக்கும் அந்தத் தப்புதான் போகும். முன்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. படம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால்தான் கலசம் தப்பித்தது.

சரி, நழுவியது ஏன்? கோப்பில் குறியீடுகள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஓர் எண் மாறியதும் எது எங்கே முடிகிறது என்று கணினி தடுமாறிவிடும். இரண்டு கட்டத்தை ஒன்றாகவோ ஒன்றை இரண்டாகவோ படித்துவிடும். பிறகு சுதாரித்துக்கொண்டாலும், மீதிக் கட்டங்கள் இடம் தள்ளித்தான் விழும்.

இதே படத்தை, கஞ்சத்தனம் பண்ணாமல் ஒவ்வொரு புள்ளியையும் முழுசாக எழுதும் பிஎம்பி வகையில் சேமித்து, அதிலும் நடுவில் ஓர் எண்ணை மாற்றுங்கள். ஒரே ஒரு புள்ளிதான் நிறம் மாறும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டும்!

நெதர்லாந்துக் கலைஞர் ரோசா மென்க்மன் 2010இல் தன் முகப்படத்தைப் பல கோப்பு வகைகளில் சேமித்து, ஒவ்வொன்றையும் கெடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாக உடைந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1965இல், நாம் ஜுன் பைக் என்ற கொரியக் கலைஞர் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் பெரிய காந்தத்தை வைத்துத் திரையில் கோலம் போட்டார். (வீட்டு டிவியில் முயல வேண்டாம். காந்தத்துக்கு வளைகிற எலக்ட்ரான் கற்றை இன்றைய தட்டை டிவியில் கிடையாது.) எனக்கென்னவோ கோப்பு விளையாட்டுதான் பிடித்திருக்கிறது. ஒளிந்திருந்த கட்டங்களையெல்லாம் அது வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறது!

நீங்களும் செய்யலாம். முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுங்கள், மூலப்படத்தைத் தொடாதீர்கள். வீட்டுப் பெரியவர் துணையோடு கணினியில் 'ஹெக்ஸ் எடிட்டர்' செயலியில் நகலைத் திறங்கள். 0 முதல் 9 வரையும், A முதல் F வரையும் உள்ள குறிகள் இரண்டிரண்டாக வரிசை கட்டி நிற்கும். ஒரு ஜோடிதான் ஓர் எண். பாதிக்கு மேல் தள்ளிப் போய் ஒரு ஜோடியை மாற்றிச் சேமியுங்கள். படம் திறக்கவே மறுத்தால், பெரும்பாலும் கோப்பின் தொடக்கத்திலுள்ள தலைப்பகுதியில் கைவைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். படத்தின் அகலம், உயரம், குறியீட்டு அட்டவணை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.