இமை மயிரை நீட்டும் கண் மருந்து

சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில், வந்துபோனவர்கள் கீறிவைத்த பழங்கவிகளில் 685ஐ 1956இல் செனரத் பரணவிதான நூலாக்கினார். மேலே பாறைக் குடைவில் இருக்கும் சித்திரப் பெண்களின் கண்ணழகை அவற்றில் பலர் மெச்சியிருக்கிறார்கள். அந்த மோகம் இன்றும் தணியவில்லை. மை வந்தது, ஒட்டு இமை வந்தது. இப்போது மயிரையே வளர்க்கும் மருந்தும் வந்துவிட்டது. பெயர் பைமாட்டோபிரொஸ்ட்.

உண்மையில் இது கிளகோமாவுக்கான சொட்டு மருந்து. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய் அது. மருந்து 2001இல் லூமிகன் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பே, இதே இனத்து லட்டானோபிரொஸ்டை ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டுவந்த நோயாளிகளுக்கு அந்தப் பக்கத்து இமை மயிர் நீண்டு, தடித்து, கறுத்திருந்ததை 1997இல் வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். மற்றக் கண் அப்படியே இருந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? லூமிகனைத் தயாரித்த அலர்கன் நிறுவனம் இந்தப் பக்கவிளைவையே சரக்காக்கி, 2008 டிசம்பரில் லட்டீஸ் என்ற பெயரில் அனுமதி வாங்கியது. மருந்தின் செறிவு லூமிகனில் இருந்த அதே 0.03 சதவீதம்தான்.

புதிய மயிர்க்கால் எதையும் இது உண்டாக்காது. இருக்கும் மயிர் வளரும் காலத்தை நீட்டி, நிறமியையும் கூட்டுகிறது. 278 பேரிடம் நடந்த சோதனையில் 16 வாரத்தில் மருந்து பூசியவர்களில் 78 சதவீதத்தினருக்கும், வெற்றுத் திரவம் பூசியவர்களில் 18 சதவீதத்தினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய நிலைதான்.

இரவில் முகம் கழுவி, லென்ஸைக் கழற்றி, தூரிகையில் ஒரு சொட்டு விட்டு, மேல் இமையில் மயிர் முளைக்கும் ஓரமாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கீழ் இமைக்குத் தனியாகப் பூசக்கூடாது. வழிந்ததை உடனே ஒற்றியெடுக்காவிட்டால், நாளடைவில் வழிந்த இடத்திலும் மயிர் வளரலாம். ஒரு தூரிகை ஒரு கண்ணுக்கு, ஒரே தடவைக்கு. சிக்கனம் பார்த்துத் திரும்பப் பாவித்தால் கிருமித் தொற்று வரலாம்.

தோல் வைத்தியர்களும் இதை விட்டுவைக்கவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இமை மயிரை இழந்தவர்களுக்கும், அடர்த்தி குறைந்த புருவத்துக்கும் பலன் தெரிந்திருக்கிறது. புழுவெட்டில் முடிவுகள் முரண்படுகின்றன. வெண்புள்ளிக்குச் சிறிய ஆய்வுகள் மட்டுமே நடந்திருக்கின்றன.

கண் சிவத்தல், அரிப்பு, இமைத் தோல் கறுத்தல் ஆகியவை பலருக்குத் தெரிந்த தொல்லைகள். தோலின் கறுப்பு பெரும்பாலும் மருந்தை நிறுத்தியபின் மங்கிவிடும். கருவிழி நிறம் மாறினால் மாறியதுதான். ஏற்கெனவே கருமையான நம் கண்களில் அது சட்டென்று தெரியாது. நான் பெரிதாக நினைப்பது வேறொன்று: இமையைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து, கண் குழிவிழுந்து போகலாம். சீகிரியாப் பெண்களுக்கு அழகே அந்தக் கனத்த மேல் மடல்தான். மயிருக்காக மடலைப் பணயம் வைப்பது எனக்கு நல்ல வியாபாரமாகப் படவில்லை.

இந்தியாவில் சன் பார்மா தயாரிக்கும் கேர்ப்ரொஸ்ட் போன்ற கிளகோமாச் சொட்டுகள் இணையத்தில் இமை வளர்ப்பு மருந்தாகவே விலைபோகின்றன. ‘சீரம்’ என்று விற்கும் சில அழகுப் பொருட்களிலும் ஐசோபுரொப்பைல் குளோபுரொஸ்டினேட் என்ற இதே இனத்து இரசாயனம் இருக்கிறது. லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். இதைப் பூசுகிறவர்கள் கண் பரிசோதனைக்குப் போனால் அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்து கண் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டினால், உள்ளே தொடங்கியிருக்கும் கிளகோமா அவர் பார்வைக்குத் தப்பிவிடக்கூடும்.