டைமிங் பெல்ட் மாத்தியாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?

திருப்புட்குழி பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு மெக்கானிக் ஷெட்னு வெச்சுக்கோங்க. உள்ளே ஒரு பழைய சான்ட்ரோ. நேத்து வரைக்கும் நல்லா ஓடின வண்டி. இன்னிக்கு டைமிங் பெல்ட் மாத்திட்டு சாவியைத் திருப்பினா, செல்ஃப் மட்டும் சுத்துது, என்ஜின் பிடிக்கல. உடனே என்ன செய்வோம்? மறுபடியும் செல்ஃப் அடிப்போம். அதைத்தான் செய்யக் கூடாது.

சான்ட்ரோ நம்ம பக்கத்து வண்டி. 1998-ல் இதே சாலையில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்தது. 4 சிலிண்டர், 12 வால்வு. கிராங்க் 2 சுத்து சுத்தினா கேம் 1 சுத்து சுத்தணும். இந்தக் கணக்கைக் காப்பாத்துறது அந்த ரப்பர் பெல்ட்தான். கிராங்க் பல்சக்கரத்தில் 24 பல் இருந்தா, ஒரு பல் தள்ளி மாட்டினாலே 15 டிகிரி தப்பு. தப்பு அதிகமானா, பல என்ஜின்களில் மேலே வர்ற பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் முட்டி அதை வளைச்சிடும்.

அதனால முதல்ல காது கொடுங்க. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமா, தடையே இல்லாம சுத்துதா? கம்ப்ரஷன் இல்லைன்னு அர்த்தம். டைமிங் மேல சந்தேகப்படுங்க. சத்தம் வழக்கம்போல இருந்தா, வேலை செய்யும்போது கை பட்ட இடங்களைப் பாருங்க. கிராங்க் சென்சார் ஒயர் கழண்டிருக்கலாம். ஸ்பார்க் வருதா, பெட்ரோல் வருதான்னும் பார்த்துடுங்க.

அதுவும் சரின்னா, கவரைத் திறங்க. பிளக்குகளைக் கழட்டிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, என்ஜின் சுத்துற திசையில் கையாலேயே 2 முழு சுத்து சுத்துங்க. இரும்பு இடிச்ச மாதிரி நின்னா அழுத்தாதீங்க. 2 சுத்து முடிஞ்சதும் கிராங்க், கேம் ரெண்டோட மார்க்கும் அதே இடத்துக்கு வரணும். வெளியே இருக்கும் புல்லி மார்க்கையும் உள்ளே பல்சக்கரத்து மார்க்கையும் குழப்பிக்காதீங்க. நிறைய பேர் தடுமாறும் இடம் இது. டென்ஷனர் தளர்வா இருந்தாலும் பெல்ட் பல் தாண்டும்.

மார்க்கைச் சரிபண்ணின பிறகு கம்ப்ரஷன் கேஜ் வெச்சுப் பாருங்க. 4 சிலிண்டரிலும் ஒரே மாதிரி நல்ல அளவு காட்டினா தப்பிச்சீங்க. எல்லாத்திலும் ஒரே மாதிரி குறைவா இருந்தா டைமிங் இன்னும் சரியாகல. ஒண்ணு ரெண்டு சிலிண்டரில் மட்டும் விழுந்திருந்தா, வால்வு வளைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

பெல்ட்டைக் கழட்டி மாட்டினா உழைப்பு மட்டும்தான் போகும். வால்வு வளைஞ்சா ஹெட்டையே இறக்கணும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது, அவசரத்துல அடிக்கிற அந்த இன்னொரு செல்ஃப்தான்.