ஊர் கூடி உண்ணல் – 7: ஆடிப் பந்தியும் மொய் நோட்டும்

இத்தொடரின் முந்தைய பகுதிகளில் பேசப்பட்ட கோயில் அன்னதானத்திலும் சத்திரத்துச் சோற்றிலும் ஈவோர் ஒருவராகவும் உண்போர் பலராகவும் இருந்தனர். ஈந்தது திரும்பி வருவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு மாறாக, உண்பவரே கொடுப்பவராகவும், இன்று கொடுப்பவர் நாளை பெறுபவராகவும் அமையும் ஊர் விருந்து ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களில் நடந்து வருகிறது. ஆலங்குடி வட்டாரத்தைச் சேர்ந்த வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், மாங்காடு, அணவயல், குளமங்கலம், சேந்தன்குடி ஆகிய ஊர்களிலும், அவற்றை அடுத்துள்ள தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் வேரூன்றியுள்ள இவ்வழக்கத்திற்கு மொய் விருந்து என்று பெயர். பணம் கோடிக்கணக்கில் புரளும் விழா என்றே செய்தித்தாள்கள் இதனைப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. ஆயினும் வட்டியும் அடமானமும் இல்லாத ஒரு கடன் முறையை ஓர் இலைச் சோற்றின் மீது நிறுத்தியிருப்பதே இதன் உண்மையான சிறப்பாகும்.

நோட்டில் எழுதப்படும் நம்பிக்கை

திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா போன்ற நிகழ்வுகளுக்குச் செல்வோர் வழங்கும் பணம் மொய் எனப்படும். அதனைப் பெயரும் ஊரும் தொகையும் குறித்து எழுதி வைக்கும் ஏடு மொய் நோட்டு எனப்படும். பிற வீட்டு விழாக்களுக்குப் பல்லாண்டுகள் மொய் செய்துவிட்டு, தம் வீட்டில் விழா எதுவும் நிகழாததால் அதனைத் திரும்பப் பெற வழியில்லாதவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. மகன் மகள் திருமணங்கள் முடிந்துவிட்ட முதியவருக்கும், குழந்தைகள் இன்னும் சிறியவர்களாக இருக்கும் இளம் குடும்பத்தினருக்கும் இந்நிலை ஏற்படும். இக்குறையைப் போக்க, வேறு விழா எதையும் காரணம் காட்டாமல், மொய்க்காகவே விருந்து வைக்கும் முறை பேராவூரணிப் பக்கம் தோன்றிப் பின்னர் கீரமங்கலம், வடகாடு பகுதிக்குப் பரவியது என்பதே வட்டாரத்தில் பொதுவாக வழங்கும் வரலாறு.

1992இல் வெளிவந்த 'சின்ன கவுண்டர்' திரைப்படத்தில் கதைநாயகி கடனை அடைப்பதற்காக மொய் விருந்து வைக்கும் காட்சி தமிழ் மக்கள் பலரின் நினைவில் உள்ளது. அக்காட்சியில் உண்டவர்கள் இலைக்கடியில் பணத்தை வைத்துச் செல்கிறார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்பது எழுதப்படுவதில்லை. ஆலங்குடி வட்டார வழக்கமோ எழுத்தையே அடிப்படையாகக் கொண்டது. உண்டு முடித்தவர் கை கழுவிவிட்டு, விருந்து வைத்தவரின் பெயர்ப் பலகை வைக்கப்பட்ட மேசைக்குச் சென்று பணத்தைக் கொடுத்துத் தம் பெயரைப் பதிவு செய்கிறார். முதன்முறையாக ஒருவருக்குச் செய்யப்படும் மொய் புதுநடை எனக் குறிக்கப்படுகிறது.

கணக்கின் நடைமுறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் மற்றவரின் விருந்தில் 1,000 ரூபாய் எழுதுகிறார் எனக் கொள்வோம். அவர் தம் விருந்தை வைக்கும்போது, பெற்றவர் 2,000 ரூபாய் எழுதுவார். அதில் 1,000 பழைய மொய்க்கு ஈடு, எஞ்சிய 1,000 புதிதாகச் செய்யும் மொய். இப்போது திருப்பிச் செய்யும் கடமை முதலில் மொய் எழுதியவர் பக்கம் வருகிறது. உறவைத் தொடர விரும்பாதவர் பெற்ற தொகையை மட்டும் செலுத்திக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். கூடுதலாக எழுதப்படும் தொகையை வட்டி என்று வெளியார் எண்ணிவிடுவது உண்டு; ஆனால் அதுவும் ஒருநாள் திரும்ப வேண்டிய பணமே ஆதலால், அது வட்டி ஆகாது, புதிய கடனே ஆகும். ஒரு குடும்பம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்து வைப்பது வழக்கமாதலால், நூற்றுக்கணக்கானோர் சிறுசிறு தொகையாகத் தந்த பணம் ஒரே நாளில் பெருந்தொகையாகக் கைக்கு வருகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டவும், நிலமோ டிராக்டரோ வாங்கவும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்தவும், வட்டிக் கடனை அடைக்கவும் அது பயன்படுகிறது.

சீட்டு நிறுவனங்களை 1982ஆம் ஆண்டின் சிட் பண்ட்ஸ் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. மொய் விருந்தில் ஏலமும் இல்லை, குலுக்கலும் இல்லை, கையெழுத்திட்ட பத்திரமும் இல்லை. பெற்றதைத் திருப்பிச் செய்யாதவரைக் கட்டுப்படுத்துவது நீதிமன்றமன்று. பலர் நடுவே தலைகுனிய நேரும் என்ற அச்சமும், அடுத்த முறை தம் பந்தி வெறுமையாகிவிடும் என்ற கவலையுமே ஆகும்.

ஆடி மாதத்தின் பொருத்தம்

ஆலங்குடி வட்டாரம் பெரும்பாலும் காவிரிப் பாசனத்தின் வயல்வெளியன்று; செம்மண் நிலமும் ஆழ்துளைக் கிணறுகளுமே இதன் வேளாண்மைக்கு ஆதாரம். தென்னை, வாழை, பலா, மல்லிகை, முல்லை, சம்பங்கி, காய்கறி எனத் தோட்டப் பயிர்கள் மிகுந்த இவ்வூர்களின் பூக்கள் கீரமங்கலம் பூச்சந்தைக்கும், பலாப்பழம் வடகாட்டிலிருந்து வெளியூர்களுக்கும் செல்கின்றன. இத்தகைய வேளாண்மையில் வருவாய் சிறிதுசிறிதாக வருகிறது. செலவோ, மோட்டார் பழுதானாலும் கிணற்றில் நீர் இறங்கினாலும், ஒரே வீச்சில் வந்து நிற்கிறது. சிறு வரவுகளைச் சேர்த்துப் பெருந்தொகையாக்கித் தரும் ஏற்பாடு ஒன்று இங்கே தேவைப்பட்டதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஆடி மாதம் விதைப்புப் பட்டமாதலால் உழவருக்குக் கைப்பணம் தேவைப்படும் காலம். அதே வேளையில் அம்மாதத்தில் திருமணங்கள் நடத்தப்படுவதில்லை என்பதால், மண்டபங்கள் காலியாக இருக்கின்றன, சமையற்காரர்களுக்கு வேலை குறைவாக இருக்கிறது, பிற விழாக்களின் மொய்ச் சுமையும் இருப்பதில்லை. பணத் தேவையும் விருந்துக்கான வசதியும் ஒருங்கே அமைந்த மாதத்தை இவ்வூர் மக்கள் தேர்ந்து கொண்டுள்ளனர்.

ஆக்குப்புரையில் நடக்கும் கல்வி

விருந்துச் செலவு பெரிதென்பதால், தனியொருவர் வைப்பதினும் பலர் சேர்ந்து வைப்பதே மிகுதி. ஒரே அழைப்பிதழில் பத்துப் பேர், இருபது பேர் பெயர்கள் அச்சாகின்றன. பந்தலும் சமையலும் பொதுவாகவும், மொய் மேசை ஒவ்வொருவருக்கும் தனியாகவும் அமைகின்றன. வருபவர் ஓர் இலையில் உண்டு, தமக்குத் தொடர்புடைய மேசைகள் அனைத்திலும் மொய் எழுதிச் செல்கிறார்.

சமையலுக்கென எழுப்பப்படும் தற்காலிகக் கொட்டகை ஆக்குப்புரை எனப்படும். தரையில் நீளவாக்கில் பள்ளம் வெட்டியோ, செங்கல்லை இரு வரிசையாக அடுக்கியோ அமைக்கப்படும் கோட்டை அடுப்பு அதன் நடுவே இருக்கும். ஒரே நெருப்பு வரிசையில் பல தேக்சாக்களையும் அண்டாக்களையும் ஏற்றுவதற்கு அது உதவுகிறது. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ரசமுமே விருந்தின் மையம். புலால் உண்ணாதோருக்குத் தனிப் பந்தி உண்டு. இலையும் தேங்காயும் காய்கறிகளும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தே வந்துவிடுகின்றன.

தலைமைச் சமையற்காரரும் அவருடைய குழுவினரும் கூலிக்கு அமர்த்தப்படுபவர்கள். எனினும் வெங்காயம் உரிப்பது, இலை நறுக்குவது, தண்ணீர் சுமப்பது, பந்தி பரிமாறுவது போன்ற வேலைகளை உறவினரும் அண்டை வீட்டாருமே செய்கின்றனர். பெருநகரங்களில் கட்டணம் செலுத்திச் சமையல் பயிலரங்குகளுக்குச் செல்வோர் பெருகிவரும் இக்காலத்தில், ஆக்குப்புரை என்பது கட்டணமில்லாப் பயிலரங்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு பேருக்குச் சமைக்கத் தெரிந்தவருக்கு நானூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்துவிடாது. பெரிய பாத்திரத்தில் அடங்கிய சூடு, அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் அரிசியை வேகவைத்துக்கொண்டே இருக்குமாதலால், சற்று முன்னதாகவே சோற்றை வடிக்க வேண்டும். எலும்பையும் முற்றிய கறியையும் முதலில் வேகவிட்டு, இளங்கறியைப் பின்னர் சேர்க்க வேண்டும். பந்தி எத்தனை முறை அமரும் என்பதைக் கணித்து, உலையை அடுத்தடுத்து ஏற்ற வேண்டும். இவை எந்த நூலிலும் தேடிப் படிக்கப்படுவதில்லை. அகப்பையும் துடுப்பும் பிடித்து நிற்கும் மூத்தவர் அருகில் நின்றே இளைஞர்கள் கற்கின்றனர். பரிமாறுவதிலும் ஒழுங்கு உண்டு: இலை முழுதும் பார்த்துக்கொண்டே நடப்பதும், கேட்பதற்கு முன் சோறு வைப்பதும், முதியவரின் இலையை முதலில் கவனிப்பதும் பந்தியில் பழகியே கைவருகின்றன.

பிற நாடுகளின் ஒத்த வழக்கங்கள்

கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடமைகளாலும் சமூகங்கள் பிணைக்கப்படுகின்றன என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில் விளக்கினார். அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1962இல் எழுதிய கட்டுரையில், சுழற்கடன் சங்கங்களைப் பல நாடுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டார். உறுப்பினர் அனைவரும் முறைவைத்துப் பணம் போட்டு, ஒவ்வொரு முறையும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் அமைப்பே சுழற்கடன் சங்கம் ஆகும். அவர் கண்ட இந்தோனேசியாவின் அரிசான் என்னும் வழக்கத்திலும் கூடுதலும் உண்ணலும் பணத்தோடு இணைந்தே உள்ளன. கொரியாவில் திருமணத்திற்கும் இறப்புக்கும் வழங்கும் பூஜோ என்னும் அன்பளிப்புப் பணமும் பெயர்வாரியாக எழுதி வைக்கப்பட்டு, பின்னர் அவரவர் வீட்டு நிகழ்வில் திருப்பிச் செலுத்தப்படுகிறது. மலேசியாவில் கெண்டுரி விருந்துக்கு அண்டை வீட்டார் திரண்டு சமைக்கும் ரேவாங் என்னும் கூட்டுழைப்பு, ஆக்குப்புரைக்கு மிக நெருங்கியது. இவை தனித்தனியே கொண்டுள்ள கூறுகளான கூட்டுச் சமையல், பொதுப்பந்தி, எழுதப்பட்ட கணக்கு, சுழலும் கடன் ஆகிய நான்கும் ஆலங்குடி வட்டாரத்தில் ஒரே நிகழ்வில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

புயலும் பெருந்தொற்றும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் இப்பகுதியின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நெட்டைத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒரு முழு மொய்ச் சுழற்சிக்கான வருவாய் ஒரே இரவில் அழிந்தது எனலாம். அதற்கடுத்த ஆண்டிலும் விருந்துகள் நின்றுவிடவில்லை. 2019 ஆடியில் வடகாட்டில் நடந்த ஒரு விருந்தில் ஏறத்தாழ 4 கோடி ரூபாய் மொய் சேர்ந்ததாக நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. 2020இல் கொரோனா பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் பந்திகளை முடக்கியபோது, அந்த ஆண்டை நம்பிப் பலருக்கு மொய் எழுதிக் காத்திருந்தவர்கள் பெருந்துன்பத்திற்கு ஆளாயினர். சுழற்சியில் ஓர் ஆண்டு தடைப்பட்டால் அடுத்து வரும் ஆண்டுகள் அனைத்தும் தள்ளிப்போகும் என்பது இம்முறையின் வலுக்குறைவு.

தன் ஊர் எல்லையைக் கடந்து உதவும் ஆற்றலும் இவ்வழக்கத்திற்கு உண்டு. 2022இல் இலங்கை கடும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது, ஆலங்குடிப் பகுதியில் தேநீர்க் கடை நடத்தும் ஒருவர் இலங்கை மக்களுக்காகத் தேநீர் விருந்து வைத்து மொய் திரட்டினார். அங்கே எழுதப்பட்ட பணம் திரும்பி வராது என்பதை அறிந்தே மக்கள் கொடுத்தனர். கணக்கோடு கொடுத்துப் பழகிய கைகள் கணக்கின்றியும் கொடுக்கும் என்பதற்கு அது சான்றாகும்.

எச்சரிக்கையும் வேண்டுகோளும்

இம்முறையின் மீது எழும் குற்றச்சாட்டுகளை மறைத்தல் முறையன்று. பணம் எண்ணும் இயந்திரமும் கணினிப் பதிவும் வங்கி ஊழியர்களும் பந்தலுக்குள் வந்துவிட்ட நிலையில், தொகையின் பெருமையே பேசப்படுகிறது. திருப்பிச் செய்ய வேண்டிய மொய்க்காக வெளியில் வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்களும் உண்டு. வட்டியிலிருந்து விடுவிக்கப் பிறந்த ஏற்பாடு வட்டிக்கே இட்டுச் செல்லுமாயின், அதன் நோக்கம் தோற்றுவிடும். மேலும், திருப்பிச் செய்ய இயலும் என்ற நம்பிக்கை உள்ளவருக்கே மொய் எழுதப்படுவதால், நிலமற்ற கூலித் தொழிலாளர் இச்சுழற்சியின் ஓரத்திலேயே நிற்க நேர்கிறது.

பந்தியின் சமத்துவமும் வெறும் புகழுரையாக நின்றுவிடக் கூடாது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. குடிக்கும் நீரில் இத்தகைய இழிவு நிகழக்கூடிய மண்ணில், யார் யார் அருகே அமர்ந்து உண்கிறார்கள் என்பதும், யார் கையால் சோறு பரிமாறப்படுகிறது என்பதும் சிறிய கேள்விகள் அல்ல. எல்லாச் சாதியினரும் ஒரே வரிசையில் அமரும் பந்தியே ஊர் விருந்து என்னும் பெயருக்குத் தகுதியுடையது.

ஆகவே மொய் விருந்து வைக்கும் ஊர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கலாம். பெரிய தொகைகளை முந்திக்கொண்டு அறிவிப்பதைக் கைவிட்டு, ஐந்நூறும் ஆயிரமும் எழுதிய எளியவரின் மொய்யை முதலில் திருப்பிச் செய்யுங்கள். ஒப்பந்தச் சமையலுக்கு முழுவதையும் ஒப்படைத்துவிடாமல், பள்ளி கல்லூரி செல்லும் பிள்ளைகளை, ஆண் பெண் வேறுபாடின்றி, ஆக்குப்புரைக்கு அழைத்து வேலை பழக்குங்கள். எதிர்மொய் செய்ய வசதியற்றவர் என்று தெரிந்தும் அவர் வீட்டுக்கு அழைப்பிதழ் கொண்டு செல்லுங்கள். அவர் எழுதும் தொகை எதுவாயினும், அவருக்கான இலை மற்றவர் இலையோடு ஒரே வரிசையில் விரிக்கப்பட வேண்டும்.