உருண்டை எழுத்தின் அரசியல்: 'பலூ தம்பி'யை முன்வைத்து

முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கூலிப் பிரச்சினைக்காகக் கடலூரில் ஒரு கூட்டம். துண்டறிக்கை போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் விஷயத்தைக் கொடுத்தேன். 'கூலியை உயர்த்து' என்ற தலைப்பைக் கடைப் பையன் கொழுகொழுவென்ற உருண்டை எழுத்தில் போட்டுத் தந்தான். பளிச்சென்று இருந்தது, நானும் சரி என்றேன். கூட்டத்தில் ஓர் அம்மா நோட்டீசை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, இது என்னா பொறந்தநாள் நோட்டீசா?" என்றார். கொட்டை ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டுப் பொத்துக் கறுத்த விரல்கள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இக்கட்டுரை அதைத் தேடும் முயற்சி.

எழுத்துருவின் பெயர் 'பலூ தம்பி'. மும்பையின் 'ஏக் டைப்' குழு உருவாக்கி, 2016இல் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாக வெளிவந்தது. முதலில் ஒரே கனம். பின்னர் வந்த 'பலூ தம்பி 2'இல் ஐந்து கனங்கள். தலைப்புக்கும் பொட்டலங்களுக்கும் ஏற்ற எழுத்து இது. இத்தகைய எழுத்து வாசிக்கப்படும் முன்பே பார்க்கப்பட்டுவிடுகிறது. கோட்டின் முனையை மழுக்கு, மூலையை வளை, உடம்பைப் பருக்க வை: இவ்வளவுதான் சூத்திரம். அமெரிக்காவில் 1922இல் வெளிவந்த 'கூப்பர் பிளாக்' காலம் தொட்டு விளம்பரக்காரர்கள் இதை அறிவார்கள்.

'தமிழெழுத்தே உருண்டைதானே, ஓலையில் எழுதி வந்ததுதானே' என்று சிலர் சொல்லக்கூடும். ஓலையின் நரம்போடு நேர்கோடு இழுத்தால் கிழியும், ஆகவே வளைவு என்பது பாதி உண்மை. ட, ப, ம, ய எல்லாம் நிமிர்ந்த கோடும் மூலையுமாக நிற்பவை. உருண்டை எழுத்தில் இவற்றின் மூலைகள் மழுங்குகின்றன. மறுபக்கம் சுழிகள். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளைதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. கனம் கூடக்கூட வெள்ளை அடைபடும். சுழியில் கோட்டை மெலியவைத்துத்தான் வரைபவர் அதைக் காப்பாற்ற முடியும். பெரிய அளவில் அது நிற்கும். நாங்கள் உள்விஷயத்தையும் அதே எழுத்தில் சின்னதாகப் போட்டு ஜெராக்ஸ் எடுத்தோம். சுழிகள் மையில் மூழ்கிப்போயின. தலைப்புக்கென்று செய்ததைப் பத்திக்குப் போட்டது எங்கள் பிழை.

ஆனால் அந்த அம்மா கேட்டது வாசிப்புச் சிக்கலைப் பற்றியல்ல, குரலைப் பற்றி. ரோலான் பார்த் 1964இல் 'பன்சானி' உணவு விளம்பரம் ஒன்றை வாசித்துக் காட்டினார். அந்தப் பெயரின் ஒலியே, அது சொல்லாத 'இத்தாலியத்தன்மை'யையும் சேர்த்து விற்கிறது என்றார். எழுத்தின் உடம்பும் அப்படித்தான். அதே வாரம் கடலூர் பஸ் நிலையத்தில் வாங்கிய முந்திரிப் பாக்கெட்டிலும் இதே உருண்டைச் சாயல்! அது பருப்பின் வழுவழுப்பைச் சொல்கிறது. ஓட்டையும் எண்ணெயையும் சொல்வதில்லை. பாக்கெட் எதை மறைத்ததோ அதைச் சொல்ல வந்த நோட்டீசுக்கும் அதே குரலைக் கொடுத்துவிட்டோம்.

பெயரையும் கவனிக்க வேண்டும். பலூ, கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கரடியின் பெயர். குடும்பத்தில் ஒன்பது இந்திய எழுத்துமுறைகள், கூடவே உருதுவும். வங்காளத்துக்குத் 'தா', பஞ்சாபிக்குப் 'பாஜி', தெலுங்குக்குத் 'தம்முடு', மலையாளத்துக்குச் 'சேட்டன்', தமிழுக்குத் 'தம்பி'. எல்லாம் அண்ணன் தம்பிகள்தான், ஒரு அக்கா கிடையாது. 'தம்பிக்கு' என்று அண்ணா கடிதம் எழுதிய நாட்டில் இச்சொல்லின் கனம் நமக்குத் தெரியும். அது அன்பும்தான், யார் பேசுவது யார் கேட்பது என்ற வரிசையும்தான்.

இத்தனை எழுத்துக்கும் ஒரே கனம், ஒரே புன்னகை எதற்கு? ஒரு பண்டத்தைப் பல மொழிகளில் விற்கிறவருக்கு எல்லாப் பொட்டலத்திலும் முகம் ஒன்றாக இருக்க வேண்டும். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டு இறந்த ஊர் சிதம்பரம். அன்று ஒரு மொழி மற்ற மொழிகளின் இடத்தைக் கேட்டது. இன்றைய சந்தை எந்த எழுத்தையும் வெளியே தள்ளுவதில்லை. எல்லோரும் உள்ளே வாருங்கள், ஆனால் ஒரே தொனியில் சிரித்துக்கொண்டு வாருங்கள் என்கிறது. சும்மா சொல்லக்கூடாது, தமிழுக்குச் சம இடமும் காசில்லாமல் நல்ல எழுத்தும் இதனால் கிடைத்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்ததுதான் நிலைமை.

ஆகவே பலூவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குழந்தைகள் நூலகத்துக்கு, பொங்கல் விளையாட்டு நோட்டீசுக்குத் தாராளமாகப் போடலாம். கூலிக்கும் இரங்கலுக்கும் கண்டனத்துக்கும் போடுமுன், இதை யார் குரலில் வாசிப்பார்கள் என்று டி.டி.பி. கடையிலேயே ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்வோம். இன்னொன்று: அதன் திறந்த உரிமம் யாரும் அதை எடுத்து மாற்றி, அதே உரிமத்தில் வெளியிட அனுமதிக்கிறது. மூலையை மழுக்காமல், சுழியை அடைக்காமல், கோபப்படத் தெரிந்த ஒரு 'அக்கா'வை நம்மவர் யாராவது வரையலாம். வரைந்தால் முதல் பிரதியை அந்த அம்மாவிடம்தான் காட்ட வேண்டும்.