இணைய ஏலத்தில் 'பழம்பெரும்' வீணைகள்: வாங்குபவருக்குக் காவல் யார்?

மும்பை: விஜயதசமி நெருங்கும்போது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. பெண்ணுக்கு வீணை, பிள்ளைக்கு மிருதங்கம் அல்லது வயலின். ஒரு தலைமுறைக்கு முன்பு இதற்காகக் கோடை விடுமுறை வரை காத்திருந்தார்கள். ஊருக்குப் போய், தஞ்சாவூரிலோ மயிலாப்பூரிலோ பாட்டு வாத்தியாரை அருகில் வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்து, மீட்டிப் பார்த்து வாங்கி, ரயிலில் கைக்குழந்தையைப் போலக் கொண்டு வந்தார்கள். இன்று கைபேசித் திரையில் நான்கு புகைப்படங்கள், ஒரு விலை, 'இன்னும் இரண்டே மணி நேரம்' என்ற எச்சரிக்கை. கருவியைத் தொட்டுப் பார்க்காமலேயே பணம் போய்விடுகிறது.

இணைய ஏலத்துக்கும் மும்பைக்கும் உள்ள உறவு பழையது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'பாஸி' நிறுவனம் இந்நகரைத் தளமாகக் கொண்டே இயங்கியது. 2004-இல் அமெரிக்காவின் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், விற்பனையாளர் ஒருவர் அத்தளத்தில் ஆபாச ஒளிக்காட்சியை விற்பனைக்கு வைத்ததற்காக, நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அவ்னீஷ் பஜாஜை தில்லி காவல் துறை கைது செய்தது. நாடாளுமன்றம் வரை எதிரொலித்த அந்த வழக்கின் மையக் கேள்வி எளிமையானது: பிறர் கடை விரித்த பொருளுக்குச் சந்தை நடத்துபவர் பொறுப்பாவாரா?

பதில் சந்தை நடத்துபவர்களுக்குச் சாதகமாகவே அமைந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் செய்யப்பட்ட திருத்தம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உரிய கவனத்துடன் செயல்படும் இடைத்தரகு நிறுவனங்களுக்கு 79-ஆவது பிரிவு பாதுகாப்பு அளித்தது. பஜாஜ் மீதான வழக்கை, நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்கவில்லை என்ற காரணத்தால் உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது. ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-இல் வந்த தீர்ப்போ, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பிறகுதான் இணையதளம் ஒரு பதிவை நீக்கக் கடமைப்பட்டுள்ளது என வரையறுத்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது அரண் என்பதில் ஐயமில்லை. ஆனால் போலி வீணையை விற்பவருக்கும் அதே குடை நிழல் தருகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. ஏலமும் பழைய பொருள் விற்பனையும் வேறு பல தளங்களுக்கும் சமூக வலைதளக் குழுக்களுக்கும் இடம் மாறிவிட்டன.

ஆகவே வாங்குபவரின் கண்ணே முதல் காவல். வீணையை எடுத்துக்கொள்வோம். குடம், தண்டி, யாளி முகம் ஆகிய அனைத்தும் ஒரே பலா மரத்தில் குடையப்பட்டால் அது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. இரண்டும் நல்ல கருவிகளே, விலைதான் வேறு. ஒட்டு வீணையை ஏகாந்த வீணை என்று சொல்லி விற்பதே மோசடி. இதைப் புகைப்படத்திலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். ஒரே மரமானால் குடத்திலிருந்து தண்டிக்கு மரத்தின் ரேகை தடையின்றி ஓடும். ஒட்டு இருந்தால் அந்த இடத்தில் ரேகை அறுந்திருக்கும். முன்புறத்தில் அதை அலங்காரப் பட்டை மறைத்துவிடும். அடிப்புறத்தில் மறைப்பது கடினம். அடிப்புறப் படம் கேட்டால் விற்பவர் நழுவுகிறார் என்றால் அதுவே விடை. 24 மெட்டுகளும் மெழுகில் உறுதியாகப் பதிந்துள்ளனவா என்பதற்கு அருகிலிருந்து எடுத்த படமும், ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிக் காட்டும் காணொளியும் கேட்க வேண்டும். வரவேற்பறை அலங்காரத்துக்கெனச் செய்யப்பட்ட வீணைகள் இச்சோதனையில் தேறுவதில்லை.

'தஞ்சாவூர் வீணை' என்ற பெயருக்கே 2013-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேறெங்கோ செய்ததை அப்பெயரில் விற்பது 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் இக்குறியீடு கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரத்தைச் செப்பனிட்ட ஊர் அது. ஆச்சா மரத்தில் கடையப்படும் அக்கருவியின் பெயரைத் தாங்கி வரும் விளம்பரத்தில், சுருதி எத்தனை கட்டை என்ற விவரமே இல்லையென்றால் எழுதியவர் அதை வாசித்தவரும் அல்லர், செய்தவரும் அல்லர். மிருதங்கத்துக்கும் இது பொருந்தும். நீளத்தையும் சுருதியையும் சொல்லாமல் 'அரிய பழங்கருவி' என்று மட்டும் சொல்வது வித்துவானின் மொழி அன்று.

'பழமை' என்ற சொல்லில்தான் மிகப் பெரிய பொறி உள்ளது. முன்னாளில் வீணைகளைத் தந்தத்தாலும் மான் கொம்பாலும் அலங்கரித்தார்கள், இப்போது பிளாஸ்டிக். 'அசல் தந்தம் இழைத்தது' என விளம்பரம் செய்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது சட்டத்தை மீறுகிறார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் தந்த வணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. பாட்டி காலத்துப் பொருள் என்பதால் விற்பனைக்கு விலக்கு கிடையாது. 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு வழியுண்டு. வாங்கியவரும் தப்ப முடியாது. ஈபே தன் தளங்களில் தந்தப் பொருள்களை 2009 முதல் தடை செய்ததும் குறிப்பிடத்தக்கது. நூறாண்டு கடந்த கலைப் பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் உண்டு. அதன்படி தனியார் அதனை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. '120 ஆண்டுப் பழமை, உலகெங்கும் அனுப்பப்படும்' என்ற ஒரே வரியில் இரண்டில் ஒன்று பொய்யாகவோ இரண்டும் சேர்ந்து குற்றமாகவோ இருக்கும்.

வயலின் கதை இன்னும் பழையது. உள்ளே 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்ற லத்தீன் சீட்டு ஒட்டியிருப்பதைக் கண்டு மயங்குவோர் உலகெங்கும் உள்ளனர். 1737-இல் மறைந்த அந்த இத்தாலியக் கைவினைஞரின் கருவிகளில் எஞ்சியவை சுமார் 650 மட்டுமே. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஜெர்மனி, பிரான்ஸ் பட்டறைகள் அவரது மாதிரியில் ஏராளமான மலிவு வயலின்களைச் செய்து, மாதிரியின் பெயரையே சீட்டாக ஒட்டின. அன்று அது ஏமாற்று அன்று. மாதிரியைக் குறிக்கும் வழக்கம். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் குறிப்பிடக் கட்டாயப்படுத்தியதால், 'ஜெர்மனி' என்ற சொல்லும் சேர்ந்த சீட்டைக் கொண்டது அதற்குப் பிந்தையது என்று கொள்ளலாம். வல்லுநர்களாலேயே வங்கிகள் ஏமாந்ததுண்டு. வியன்னாவின் புகழ்பெற்ற வயலின் வணிகர் டீட்மர் மாஹோல்டு, மோசடிக்காக 2012-இல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

ஏலத்துக்கே உரிய தந்திரம் ஒன்றுண்டு. விற்பவரே வேறு பெயர்களில் விலை கேட்டு ஏற்றிவிடுவார். 2000-ஆம் ஆண்டில் ஈபேயில் ஓர் ஓவியம் இவ்வாறு 1,35,805 டாலர் வரை ஏறிய பிறகு ஏலம் ரத்து செய்யப்பட்டது. ஒரே இரு கணக்குகள் மாறிமாறி விலை ஏற்றுவதும், அக்கணக்குகள் அண்மையில் தொடங்கப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்க அறிகுறிகள். ஒரே புகைப்படம் வெவ்வேறு ஊர்களின் விளம்பரங்களில் வருகிறதா என்பதைப் படத் தேடலில் நொடியில் அறியலாம்.

விற்பவரும் ஏமாறுகிறார். தாராவியில் கோயில் விழாக்களுக்குத் தவில் வாசிப்பவர் தன் பழைய கருவியை விற்க விளம்பரம் கொடுத்தால், 'ராணுவ வீரர்' என்று கூறி ஒருவர் பேசுவது நாடெங்கும் பதிவான முறை. பேரமே பேசாமல் ஒப்புக்கொள்வார். பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு சதுரக் குறியீட்டை அனுப்பி வருடச் சொல்வார். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைக் கேட்கும் திரை பணம் வெளியேறும் திரை.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் மோசடிக்கு 7 ஆண்டு வரையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு 3 ஆண்டு வரையும் சிறை உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. ஆனால் தொழிலாக அன்றித் தனிமனிதராக விற்பவரை அவ்விதிகளே விலக்கி வைத்துள்ளன. போலி விற்பனையாளர் ஒவ்வொருவரும் 'எங்கள் தாத்தாவின் வீணை' என்று தொடங்குவதன் பொருள் இப்போது விளங்கும். இந்த ஓட்டையை அடைப்பது தில்லியில் இருப்பவர்களின் வேலை.

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடான இது, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முயல்கிறது. முதல் சில மணி நேரமே முக்கியம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு தொடுக்க விற்பவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ஆனால் மோசடி விளம்பரம் பணம் கைமாறியதும் தளத்திலிருந்து மறைந்துவிடக்கூடும் என்பதால், அதன் திரைப்பதிவும் உரையாடலும் பணம் செலுத்துவதற்கு முன்பே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.