மலைப்பாதையில் பழைய புல்லட்டும் அதன் டயரும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் அப்பாவோ மாமாவோ ஓட்டிய பழைய புல்லட் ஒன்று இருப்பது அதிசயமல்ல. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வர வாங்கியதாக இருக்கும். அல்லது பாலக்காட்டில் கடை வைத்திருந்தவர் கோயமுத்தூர் போய்வர வாங்கியதாக இருக்கும். இன்று பிள்ளைகள் அதைத் துடைத்து, பெயின்ட் அடித்து, குரோம் பூசி, ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிறார்கள். பின்னால் வீட்டுக்காரியை உட்காரவைத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள். எஞ்சின் வேலைக்குத் தாராளமாகச் செலவழிக்கும் இவர்கள் டயர் என்று வந்தால் மட்டும், "கோடெல்லாம் அப்படியே இருக்கே, எதுக்கு மாத்தணும்?" என்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலே இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்திய ராணுவத்துக்காக இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்துகொண்டிருந்த புல்லட்டை இங்கேயே செய்வதற்காக, 1955-ல் மதராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை அமைந்த இடம் திருவொற்றியூர். அதே திருவொற்றியூரில்தான் 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்னும் கேரளத்துக்காரர் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1961-ல் அது எம்.ஆர்.எஃப். டயர் ஆயிற்று. வண்டியும் டயரும் ஒரே ஊர்ப் பிள்ளைகள் என்று சொல்லலாம். ரப்பர் பாலில் பெரும்பங்கு நாம் குடியிருக்கும் இந்த மலைச்சரிவுகளில் வடிந்தது.

ரப்பரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். அந்தப் பதப்படுத்தல் தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. வெயிலும் காற்றிலுள்ள பிராணவாயுவும் பட்டுப்பட்டு ரப்பர் நாளாவட்டத்தில் மேலும் இறுகும். உள்ளே சேர்த்த எண்ணெய் வற்றும். பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்பு காணும். தினம் ஓடும் வண்டியில் இதற்கு முன்பே டயர் தேய்ந்து மாற்றப்பட்டுவிடும். மாதம் ஒருமுறை ஓடும் வண்டியில்தான் ஆபத்து. கோடு அப்படியே இருக்கும், ரப்பர் கட்டை போலாகியிருக்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். புது டயரில் நகம் கொஞ்சம் பதியும், கிழட்டு டயரில் வழுக்கும்.

வயசைக் கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தியது. யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள். ஐந்தாறு வருஷம் ஆனதும் ஆண்டுக்கொருமுறை சோதித்து, பத்து வருஷமான டயரைக் கோடு எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிடுவதே என் வழக்கம்.

இனி வளைவுக்கு வருவோம். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பத்து மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எடுத்தால் வண்டி ஏறக்குறைய 17 டிகிரி சாய வேண்டும். அதையே 30 கி.மீ. வேகத்தில் எடுத்தால் 35 டிகிரி. வேகம் கூடியது ஒன்றரை மடங்குதான். டயரிடம் கேட்கும் பிடிப்போ இரண்டேகால் மடங்கு. முதல் வேகத்தில் வண்டியின் எடையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான பிடிப்பு போதும். இரண்டாவதில் எடையில் பத்துக்கு ஏழு பங்கு வேண்டும். நல்ல டயர் காய்ந்த தார் ரோட்டில் இவ்வளவைத் தாங்கும். கட்டையாகிப் போன டயர், அதுவும் ஈரத்தில், தாங்காது.

சமண நூல்கள் தன்மாத்திகாயம், அதன்மாத்திகாயம் என்று இரண்டு திரவியங்களைச் சொல்லும். மணிமேகலையிலும் இவை வருகின்றன. முன்னது இயங்குவதற்குத் துணை, மீனுக்கு நீர் போல. பின்னது நிற்பதற்குத் துணை, வழிப்போக்கனுக்கு மரநிழல் போல. இரண்டும் தாமாக எதையும் செய்வதில்லை, இல்லாவிட்டால் எதுவும் நடப்பதுமில்லை. உராய்வைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவைதான் ஞாபகம் வரும்.

இந்தப் பிடிப்பு ஒரே கல்லாப்பெட்டிப் பணம். பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், திரும்புவதற்கும் அதிலிருந்துதான். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். சாய்ந்தபின் முன் பிரேக்கைப் பிடித்தால் கல்லா காலி. முன்சக்கரம் வழுக்கினால் மீட்பது கடினம்.

பாலக்காட்டு அன்பர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. வாளையாரிலிருந்து வடக்கஞ்சேரி வரை நேர்ரோடு. 2021-ல் குதிரான் சுரங்கம் திறந்தபின் அந்தப் பக்கத்து மலை வளைவும் போயிற்று. நேராகவே ஓடும் டயர் நடுவில் தட்டையாகி, குறுக்குவெட்டில் சதுரம் போலாகிவிடும். அதை நெல்லியாம்பதிக்கு ஏற்றினால், சாயும்போது தட்டையின் விளிம்பில் ஏறி, ஒரு திடுக்கோடு பொசுக்கென்று விழுவது போலிருக்கும். டயரின் முதுகு வட்டமாக இருக்க வேண்டும். கோட்டின் ஆழத்தைக் காட்டிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பழைய 350 புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19. அதாவது மூன்றேகால் அங்குல அகலம், 19 அங்குல ரிம். முன்னே நீளவாட்டில் கோடு போட்ட ரிப் டயர், பின்னே கட்டம் போட்ட டயர். முன்சக்கரத்தின் வேலை திசை காட்டுவது, நீளக்கோடு அதற்கு உதவும்; பின்சக்கரத்தின் வேலை தள்ளுவது. கம்பீரத்துக்காக அகல டயர் மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய ரிம்மின் அகலம் 1.85 அங்குலந்தான். அதில் தடித்த டயரைத் திணித்தால் இரண்டு பக்கமும் இறுக்கப்பட்டு அதன் வடிவமே மாறிவிடும். பார்க்கத்தான் ஜோர்.

காத்து விஷயத்தில் நம் பங்க்சர் கடைகள் கர்ணன் பரம்பரை. கேட்காமலே 40 பவுண்டு வைத்துவிடுவார்கள். டயர் தரையில் படும் பரப்பு, எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட வரும். பின்சக்கரத்தில் 120 கிலோ என்று வையுங்கள். 28 பவுண்டில் 60 சதுர சென்டிமீட்டர் படும். 40 பவுண்டில் 43-தான். உள்ளங்கையை விடச் சிறிய இந்த இடத்தில்தான் இரண்டு உயிர் நிற்கிறது. முன்னே 20, பின்னே 28-ஐ ஒட்டி, ஆள் ஏறினால் பின்னே இரண்டு கூட்டி வைப்பது பழைய புல்லட்டுக்குப் பொருந்தும். வண்டியோடு வந்த புத்தகம் இருந்தால் அதன்படி செய்க.

எல்லைப் பாதைக்கென்று ஒரு தனிக்குணம் உண்டு. ஜூன், ஜூலையில் போடிப் பக்கம் காய்ந்து கிடக்கும். மேலே செக்போஸ்ட்டைத் தாண்டினால் பூப்பாறைப் பக்கம் மழையும் மூடுபனியும். ஐப்பசியில் போடிச் சரிவிலும் மழை பிடிக்கும். பதினேழு வளைவும் காய்ந்த ரோட்டில் ஏறிவந்த கை, அதே பழக்கத்தில் ஈரத்திலும் சாய்க்கும். அதிலும் நெடுநாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் அரைமணி மகா மோசம்; ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசும் நீரோடு கலந்து சோப்பு போலாகிவிடும். ஒரு டீக்கடையில் ஒதுங்கி நிற்பது உத்தமம்.

புது டயர் போட்ட உடனே மலைக்குப் போகாதீர்கள். அச்சிலிருந்து எடுத்த வழவழப்பு மேலே இருக்கும், 150 கி.மீ. நிதானமாக ஓட்டினால்தான் போகும். டயரோடு டியூபையும் ரிம் டேப்பையும் மாற்றிவிடுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றும் திசைக்கு அது பொருந்த வேண்டும்.

மைசூர் ஜாவா வைத்திருப்போர் தேதியை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பழைய 250 ஜாவாவுக்கு 3.25-16 அளவு, ஐடியல் ஜாவா 1996-லேயே மூடியாயிற்று, கேட்டு வருபவர் குறைவு. நானும் கடைக்காரன்தான், போகாத சரக்கு எப்படித் தங்கும் என்பது தெரியும். மேல்தட்டில் காகிதம் சுற்றியபடி பளபளவென்று இருக்கும் அந்த டயர் நான்கு வருஷம் அங்கேயே கிடந்திருக்கலாம். காகிதத்தைப் பிரித்து, நான்கு இலக்கத்தைப் படித்த பிறகு விலை பேசுங்கள்.